ஓர் இரவுத் தூக்கத்துக்குள் நடப்பவை

கேள்வி இதுதான்: எட்டு வயது மகன் இரவு ஒன்பதரைக்குத் தூங்கிவிடுகிறான். பத்தரை, பதினொன்று வாக்கில் திடீரென எழுந்து உட்கார்ந்து, கண்களைத் திறந்தபடியே அலறுகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பெற்றோரை அடையாளம் தெரிவதில்லை. பத்து நிமிடத்தில் தானாகவே படுத்துக்கொள்கிறான். காலையில் கேட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறான். ஆனால் விடியற்காலையில் கண்ட கெட்ட கனவை மட்டும், நாய் துரத்தியது, ஓட முடியவில்லை என்று ஒன்று விடாமல் சொல்கிறான். இரண்டும் தூக்கத்தில் வருபவைதானே, ஏன் இந்த வேறுபாடு, அடிப்படையில் தூக்கத்தின்போது என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டி இதைப் ‘பயந்த கோளாறு’ என்று சொல்லி, மந்திரித்துத் திருநீறு போட அழைத்துப் போனதையும் எழுதியிருக்கிறீர்கள்.

மனிதர் ஓர் இரவில் தூங்குவது இரண்டு வெவ்வேறு தூக்கங்களை. அவை மாறி மாறி வருகின்றன. முன்னிரவில் ஒன்றின் கை ஓங்கியிருக்கும், பின்னிரவில் மற்றொன்றின் கை ஓங்கியிருக்கும். மகனின் அலறல் முதல் வகையின் ஆழத்தில் எழுவது, கனவு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், பகல் தூக்கம் சில நாள் தெம்பையும் சில நாள் தலைபாரத்தையும் தருவது ஏன் என்பது வரை பல விஷயங்கள் விளங்கிவிடும்.

தூங்குபவரின் அருகில் உட்கார்ந்து இரவு முழுதும் பார்த்துக்கொண்டிருந்தாலும் இந்த வேறுபாடு எளிதில் கண்ணுக்குப் படாது. அதனால்தான் இவ்வளவு சாதாரணமான ஒன்றைக் கண்டுபிடிக்க இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியின் யெனா நகர மனநல மருத்துவர் ஹன்ஸ் பெர்கர், மண்டையின் மேல் மின்முனைகளை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய முடியும் என்று 1929இல் வெளியிட்டார். அதற்குப் பிறகும் தூக்கம் என்பது மெல்ல ஆழமாகிப் பின் மெல்ல மேலேறும் ஒரே நிலை என்றே எண்ணி வந்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நத்தானியல் கிளைட்மனிடம் மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, 1951 டிசம்பரில், பழைய பதிவுக் கருவி ஒன்றைத் தட்டி எடுத்து, தம் மகனின் கண்ணோரங்களிலும் தலையிலும் மின்முனைகளை ஒட்டித் தூங்க வைத்தார். அந்தச் சிறுவனுக்கும் உங்கள் மகனின் வயதுதான். நள்ளிரவில் பேனாக்கள் திடீரென அங்குமிங்கும் ஓடத் தொடங்கின. கருவி கெட்டுவிட்டது என்றோ பையன் விழித்துக்கொண்டான் என்றோதான் அவருக்கு முதலில் தோன்றியது. அறைக்குள் போய்ப் பார்த்தால் பையன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் மட்டும் வேகவேகமாக அசைந்துகொண்டிருந்தன. 1953இல் இருவரும் வெளியிட்ட கட்டுரையில், கண் அசையும் நேரத்தில் 27 முறை எழுப்பிக் கேட்டபோது 20 முறை விரிவான கனவு சொல்லப்பட்டது; கண் அசையாத நேரத்தில் 23 முறை எழுப்பியபோது 19 முறை எதுவுமே நினைவில் இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. விரைவு விழியசைவுத் தூக்கம், ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘ரெம்’ தூக்கம், என்று இன்று அழைக்கப்படுவது இதுவே.

இனி, தூக்கம் எப்படி வருகிறது என்பது. இதற்கு இரண்டு கணக்குகள் ஒத்துப்போக வேண்டும் என்று சூரிச்சைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் முன்வைத்த விளக்கம் இன்றும் நிற்கிறது. முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் தூக்கக் கடன். மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவிடும்போது அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. அது சேரச் சேர விழிப்பைத் தாங்கும் செல்கள் மந்தமாகின்றன. காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், அந்த அடினோசின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடனைத் தீர்ப்பதில்லை, கடன்காரன் கதவைத் தட்டும் சத்தத்தை மட்டும் மறைக்கிறது. குடித்ததில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக் காபி இரவு பதினொரு மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது, உடலின் கடிகாரம். இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்புறத்து ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. வெளியுலகைப் பாராமல் விட்டால் அது ஏறத்தாழ 24 மணி 10 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ஓடும். காலை வெளிச்சம்தான் அதை நாள்தோறும் திருத்தி வைக்கிறது. இந்தத் திருத்தத்தைச் செய்வன, பார்வைக்கான வழக்கமான செல்கள் மட்டுமல்ல. ஒளியை நேரடியாக உணரும் தனி வகை விழித்திரைச் செல்கள் இருப்பது 2002இல் உறுதியானது. பார்வையை இழந்தவர்களில் சிலருக்கு உருவம் எதுவும் தெரியாதபோதும் இரவு பகல் கணக்கு மட்டும் பிசகாமல் இருப்பதற்கு அந்தச் செல்கள் பிழைத்திருப்பதே காரணம். இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனைப் பலர் தூக்க மருந்து என்று நினைக்கிறார்கள். அது ‘இரவாகிவிட்டது’ என்று உடலுக்குச் சொல்லும் தண்டோரா மட்டுமே.

கல்யாண வீட்டு வேலையில் இரவெல்லாம் கண்விழித்தவர்களுக்கு இந்த இரண்டு கணக்கும் தனித்தனி என்பது அனுபவத்தில் தெரியும். அதிகாலை நான்கு மணிக்கு நின்றபடியே கண் சொருகும். ஒன்பது மணிக்கோ, இன்னும் ஐந்து மணி நேரம் கூடுதலாக விழித்திருந்தும், ஏதோ தெளிந்துவிட்டதுபோல் இருக்கும். கடன் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. கடிகாரம் மட்டும் பகலுக்குத் திரும்பிவிட்டது. இரவுப் பணி முடித்து வருபவர் பகலில் படுத்தால் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிற்காததும் இதனால்தான். அதைப் பழக்கமின்மை என்று சொல்லி அவரைக் குறைகூறுவது நியாயமல்ல.

விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு மாறுவது மின்விசையைப் போட்டு அணைப்பதைப் போன்றது. முதல் உலகப் போர்க்காலத்தில் பரவிய மூளைக்காய்ச்சல் ஒன்றில் சிலர் ஓயாமல் தூங்கினார்கள், சிலருக்குத் தூக்கமே வரவில்லை. வியன்னாவின் கான்ஸ்டன்டின் வான் எகனாமோ, இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, ஹைப்போதலாமஸின் முன்பகுதி சிதைந்தவர்கள் தூக்கத்தையும் பின்பகுதி சிதைந்தவர்கள் விழிப்பையும் இழந்திருந்ததைக் கண்டார். முன்பகுதியில் தூக்கத்தைக் கொண்டுவரும் செல்களும், பின்பகுதியிலும் மூளைத்தண்டிலும் விழிப்பைக் காக்கும் செல்களும் இருந்து ஒன்றையொன்று அடக்குகின்றன என்பது இப்போது தெரிந்த செய்தி. விழிப்புத் தரப்பின் வேதிப்பொருள்களில் ஹிஸ்டமினும் ஒன்று. மூக்கொழுகலுக்குப் போடும் பழைய வகை மாத்திரைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு வருவது அதைத் தடுப்பதனால்தான்.

உறங்கியபின் நடப்பதைக் காண ஒரே வழி ஆய்வறைப் பதிவுதான்; அப்படிப் பல இரவுகள் திரையின் முன் உட்கார்ந்திருக்கிறேன். வந்தவரின் தலைமுடியை வகிர்ந்து, தோலைச் சற்றுத் தேய்த்து, பசை வைத்து மின்முனைகளை ஒட்டுவோம். கண்ணோரங்களில் இரண்டு, தாடைக்கு அடியில், கால்களில், மார்பையும் வயிற்றையும் சுற்றி ஒவ்வொரு பட்டி, மூக்கின் கீழ் காற்றோட்டத்தை அளக்கும் குழாய், விரல் நுனியில் ஆக்சிஜன் கவ்வி. இத்தனையோடு தூக்கம் எங்கே வரும் என்று எல்லோரும் கேட்பார்கள், பெரும்பாலோருக்கு வந்துவிடும். பதிவை முப்பது முப்பது விநாடிப் பக்கங்களாகப் பிரித்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிலையைக் குறிக்க வேண்டும். காகிதத்தில் பதிவு செய்த காலத்தில், விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் ஓடிய தாளின் 30 சென்டிமீட்டர் ஒரு பக்கமாக இருந்ததால் வந்த வழக்கம் அது. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 288 மீட்டர் தாள் ஆகும்.

முதல் வகைத் தூக்கத்துக்கு மூன்று நிலைகள். விளக்கை அணைத்ததும் முதலில் தெரிவது கண்கள் மெதுவாக ஊசலாடுவது. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடைப்பட்ட இந்த முதல் நிலை சில நிமிடங்களே நீடிக்கும். டிவி முன்னால் சாய்ந்து குறட்டை விடும் அப்பாவைப் பார்த்து டிவியை அணைத்தால், “பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், ஏன் அணைத்தாய்?” என்பாரே, அந்த நிலை. அவர் பொய் சொல்லவில்லை. இதிலிருந்து எழுந்தவர் பலருக்குத் தூங்கியதே தெரியாது. படியிலிருந்து தவறியதுபோல் உடல் தூக்கிப்போடுவதும் இப்போதுதான். அதில் அஞ்ச ஒன்றுமில்லை.

இரண்டாம் நிலையில், நூல் நூற்கும் கதிரைப்போல நடு பருத்து இரு முனையும் மெலிந்த சிறு அலைக்கொத்துகள் திரையில் தோன்றும். அரை விநாடிக்குமேல் நீளும் இவை தலாமஸ் என்ற இடத்தில் பிறக்கின்றன. கண்ணும் காதும் தோலும் அனுப்பும் செய்திகள் மேல்மூளைக்குப் போகும் வழியில் நிற்கும் வாசல் அது. வாசல் சாத்தப்படுவதன் அடையாளம் இந்த அலைக்கொத்துகள். இரவில் ஏறக்குறைய பாதி இந்த இரண்டாம் நிலையில்தான் கழிகிறது, ஆனால் பெயர் வாங்குவதெல்லாம் மற்ற நிலைகள்.

மூன்றாவதே ஆழ்ந்த உறக்கம். விழித்திருக்கும் மூளையின் பதிவு வாரச்சந்தை இரைச்சல் போன்றது. ஆளுக்கொரு பேச்சு, கூட்டினால் எந்தச் சொல்லும் எழாது. ஆழ்ந்த உறக்கத்தில் அதே கூட்டம் தேர்வடம் பிடித்ததுபோல் ஆகிவிடும். கோடிக்கணக்கான செல்கள் ஒன்றாக அடங்கி, ஒன்றாக எழுந்து, மீண்டும் ஒன்றாக அடங்குகின்றன. விநாடிக்கு ஓர் அலை, இரண்டு அலை என்று திரையை நிறைக்கும் பெரிய அலைகளாக அது தெரிகிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் தாழ்கின்றன, மூச்சு சீராகிறது, வளர்ச்சி ஹார்மோன் அன்றைய நாளின் பெரிய அளவில் இப்போதுதான் சுரக்கிறது. தூக்கக் கடன் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு இந்த அலைகள் பெரிதாகும். கடன் தீரத் தீர அவை சிறுக்கும். ஆகவே ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பங்கு இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடுகிறது.

உங்கள் மகனின் அலறல் எழுவது இங்கே. ஓடியாடிய குழந்தையின் ஆழ்ந்த உறக்கம் பெரியவர்களுடையதைவிட மிக அதிகம், மிக ஆழம். அதிலிருந்து ஏதோ ஒன்று பாதி எழுப்பிவிடும்போது, மூளையின் ஒரு பகுதி விழித்து, மற்றொரு பகுதி அந்தப் பெரிய அலைகளிலேயே கிடக்கிறது. நடக்கும், அலறும், கண்ணைத் திறக்கும் பகுதிகள் எழுந்துவிட்டன; அம்மாவை அடையாளம் காணும், நடந்ததை நினைவில் பதிக்கும் பகுதிகள் எழவில்லை. தூக்கத்தில் நடப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அவன் பெரும்பாலும் கனவு எதையும் காணவில்லை என்பதால், என்னடா பயம் என்று காலையில் துருவிக் கேட்பதால் பயன் ஒன்றும் இல்லை. பகல் தூக்கத்தில் முக்கால் மணி, ஒரு மணி என்று நீட்டி, இந்த நிலையில் மாட்டி எழுபவருக்கு வரும் தலைபாரமும் இதன் சிறு வடிவமே. இருபது நிமிடத்தில் எழுந்தவர் தெம்பாக இருப்பது, அவர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காததால்.

தூங்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அலைகள் சிறுத்து, பதிவு ஏறக்குறைய விழிப்பைப்போல ஆகிவிடுகிறது. முதன்முறை இதைத் திரையில் பார்ப்பவர், ஆள் விழித்துவிட்டார் என்றே சொல்வார். தாடைக்கு அடியில் ஒட்டிய கம்பியைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: அதுவரை மெலிதாக நடுங்கிக்கொண்டிருந்த கோடு நேர்கோடாகிவிட்டிருக்கும். இதுதான் இரண்டாம் வகை, ரெம் தூக்கம். இதில் மூச்சுக்கான உதரவிதானமும் கண்தசைகளும் தவிர, உடலை அசைக்கும் தசைகள் ஏறக்குறைய அனைத்தும் முடக்கப்படுகின்றன. மூளை விழித்ததுபோலவும் உடல் செத்ததுபோலவும் இருக்கும் இந்த முரணைப் பார்த்துத்தான் பிரான்சின் லியோன் நகரத்து மிஷேல் ஷூவே 1959இல் இதற்கு ‘முரண் தூக்கம்’ என்று பெயரிட்டார். பூனைகளின் மூளைத்தண்டில் இந்த முடக்கத்தை ஏவும் இடத்தை அவர் சிதைத்தபோது, அவை தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத எலியைத் துரத்தின. உங்கள் மகனின் கனவில் நாய் துரத்தியும் அவன் படுக்கையிலேயே கிடந்ததற்கு அந்த முடக்கமே காரணம்.

சில சமயம் விழிப்பு முந்திக்கொண்டு, முடக்கம் நீங்கச் சில விநாடிகளோ ஒன்றிரண்டு நிமிடமோ பிந்திவிடும். கண் திறந்திருக்கும், அறை தெரியும், கையைத் தூக்க முடியாது, மார்பில் யாரோ உட்கார்ந்து அழுத்துவதுபோல் இருக்கும், கனவின் மிச்சம் அறைக்குள் உருவமாகவும் நிற்கும். நம் ஊரில் இதற்கு ‘அமுக்குவான் பேய்’ என்று பெயர். பெயர் வைத்தவர்கள் கவனித்ததில் தவறில்லை. அவர்கள் சொன்ன அறிகுறிகள் மருத்துவ நூலில் உள்ளவைதான், காரணம் மட்டும் வேறு.

ரெம் தூக்கத்தில் நார்அட்ரினலின், செரட்டோனின், ஹிஸ்டமின் ஆகிய விழிப்புத் தரப்பு வேதிப்பொருள்களைச் சுரக்கும் செல்கள் அறவே ஓய்ந்துவிடுகின்றன. உணர்ச்சிகளுக்கான பகுதிகள் கொதித்துக்கொண்டிருக்க, சீர்தூக்கிப் பார்க்கும் முன்மூளைப் பகுதி அடங்கியிருக்கிறது. இறந்துபோன தாத்தா வந்து காபி கேட்டால், இவர் எப்படி வந்தார் என்று கனவில் நாம் கேட்பதில்லை. வியர்ப்பதும் நடுங்குவதும்கூட இப்போது ஏறக்குறைய நின்றுவிடும். உடல் வெப்பம் நாளிலேயே மிகக் குறைவாக இருப்பதும் பொதுவாக விழிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புதான். அதிகாலையில் எல்லோரும் போர்வையைத் தேடுவதில் குளிர்காலத்தின் பங்கு பாதிதான்.

இப்படி ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, இரவில் நான்கைந்து சுற்றுகள். முதல் சுற்றில் ஆழ்ந்த உறக்கம் பெரிதாகவும் ரெம் சில நிமிடங்களாகவும் இருக்கும். கடைசிச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அறவே இல்லாமல் ரெம் அரைமணி நேரம் வரை நீளும். 90 நிமிடம் என்பது சராசரி மட்டுமே. ஒரே ஆளுக்கு ஒரே இரவில் 70 நிமிடச் சுற்றும் 110 நிமிடச் சுற்றும் வரும். ‘தொண்ணூறின் மடங்காக அலாரம் வையுங்கள்’ என்று சொல்லும் கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை.

இரவின் இந்த வரிசையால்தான், எந்த முனையை வெட்டுகிறோம் என்பது முக்கியமாகிறது. பதின்வயதினரின் கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது. பதினொரு மணிக்குமுன் அவர்களுக்குத் தூக்கம் வருவது கடினம். அதிகாலையில் படித்தால்தான் மனத்தில் நிற்கும் என்று நான்கு மணிக்கு எழுப்பும்போது, ஆழ்ந்த உறக்கம் வெட்டுக்குத் தப்பிவிடுகிறது. வெட்டுப்படுவது பெரும்பாலும் ரெம் தூக்கமும் பின்னிரவின் இரண்டாம் நிலையும். எட்டரை மணிக்கே ஊர் அடங்கிய காலத்தில் அந்த அறிவுரை பொருந்தியிருக்கலாம்.

தூக்கம் எதற்கு என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. நினைவு தொடர்பான சான்று வலுவானது. எலி ஒரு பாதையில் ஓடும்போது, நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் ஒன்றாக இயங்கிய செல்கள், அது பிறகு தூங்கும்போது மீண்டும் ஒன்றாக இயங்குவதை மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1994இல் காட்டினார்கள். பகலில் எழுதியதை மூளை இரவில் ஒப்பித்துப் பார்ப்பதுபோல. தூக்கத்தில் மூளையின் கழிவு கழுவப்படுகிறது என்ற செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அது 2013இல் சுண்டெலிகளிடம் செய்த ஆய்விலிருந்து வந்தது; 2024இல் வெளியான இன்னொரு சுண்டெலி ஆய்வு, தூக்கத்தில் இந்த வெளியேற்றம் குறைகிறது என்று நேர்மாறாகச் சொல்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை, ஆனால் தீர்ப்பை எல்லோரும் பகிர்ந்தாகிவிட்டது.

தூங்காவிட்டால் என்ன ஆகும் என்பதில் இத்தகைய ஐயம் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக உள்ளவர்களை இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டும் படுக்க விட்டு, இரண்டு வாரம் கவனத்தைச் சோதித்தார்கள். நாளுக்கு நாள் கவனம் சரிந்து, முழு இரவு தூங்காதவர்களின் அளவுக்குப் போய்விட்டது. ஆனால் அவர்களோ, ஓரளவு தூக்கக் கலக்கம் மட்டும்தான், பழகிவிட்டது என்றார்கள். ‘எனக்கு அஞ்சு மணி நேரம் போதும்’ என்று பெருமையாகச் சொல்பவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

பாட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயதாக ஆக ஆழ்ந்த உறக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது, கடிகாரமும் முன்னே நகர்கிறது. பேரன் அலறும் முதல் சத்தத்திலேயே அவர் எழுந்து வருவதும், நாலு மணிக்கே வாசல் தெளிப்பதும் அதனால்தான். பயந்த கோளாறு என்று அவர் சொன்னதில் ஒரு பயனும் உண்டு: பையனை யாரும் உலுக்கவில்லை, திட்டவில்லை.

அதையே நீங்களும் தொடரலாம். அலறும்போது எழுப்ப முயல வேண்டாம். எழுப்பினால் குழப்பம் கூடும், கையைப் பிடித்தால் உதறித் தள்ளுவான். அருகில் இருந்து, விழாமலும் மோதாமலும் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் பேசிப் படுக்க வைத்தால் போதும். எழுந்து நடக்கும் பழக்கமும் இருந்தால் மாடிப்படிக் கதவையும் வாசல் கதவையும் தாழிடுங்கள். தூக்கம் குறைந்த நாளிலும் காய்ச்சல் வந்த நாளிலும் இது அதிகமாகும் என்பதால், ஒரு வாரம் அரைமணி முன்னதாகப் படுக்க வைத்துப் பாருங்கள். பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதில் இது இருந்ததா என்று பாட்டியிடமே கேளுங்கள். இருந்திருக்கலாம், குடும்பத்தில் வருவது இது. பெரும்பாலும் பதின்வயதுக்குள் தானே நின்றுவிடும். ஆனால் அவன் தினமும் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சுத் திணறினாலோ, ஒரே இரவில் பலமுறை, ஒரே மாதிரி கைகால் வெட்டி இழுத்தாலோ, அது வேறு. கைப்பேசியில் ஒரு முறை படம் பிடித்து எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.